காணி வாங்கும் முன் நம் ஊர் மண்ணின் கதை

ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. "டவுனில் இருக்கிற வீட்டை விற்றுவிட்டு, பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ ஒரு இரண்டு காணி வாங்கி, நடுவே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறேன்." பத்துத் தென்னை, ஒரு போர், ஒரு பசு, திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி. ஆசை நியாயமான ஆசைதான்.

ஆனால் அவர்கள் தரகரிடம் கேட்பது மூன்றே கேள்விகள். விலை என்ன, தண்ணீர் எத்தனை அடியில், தார் ரோடு எவ்வளவு தூரம். நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. இந்த நிலத்தின் சரித்திரம் என்ன? மற்ற ஊர்களில் சரித்திரம் பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடும். புதுச்சேரியில் அது பத்திரத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சில். வேலை பார்த்தது அரசு அலுவலகத்தில், கோப்புகளோடு. அதனால் இன்றும் தெரிந்தவர்கள் மஞ்சள் பூத்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்" என்று நீட்டுகிறார்கள். அவற்றைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

எந்த மாநிலத்து மண்?

இது என்ன கேள்வி என்று சிரிக்க வேண்டாம். நம் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. பத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. 1674ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றியபோது இருந்தது கடலோரத்தில் ஒரு சிறு இடம். பிறகு 1749ல் சந்தா சாகிப், தமக்குச் செய்த உதவிக்காக வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களை துய்ப்ளேக்ஸ் காலத்துப் பிரெஞ்சுக் கும்பினிக்குக் கொடுத்தார். கொடுத்தது கிராமம் கிராமமாக; நடுவே இருந்த கிராமங்கள் கணக்கில் சேரவில்லை. 1761, 1778, 1793 என்று ஆங்கிலேயர் ஊரைப் பிடிப்பதும், ஐரோப்பாவில் சமாதானம் ஆனதும் திருப்பித் தருவதுமாக இருந்தது. கடைசியாக 1816ல் திரும்பி வந்தபோது இந்தத் துண்டு துணுக்கு எல்லை நிலைத்துவிட்டது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. கொடி மாறியது, ஆட்சி மாறியது, வயல் வரப்பில் போன அந்த எல்லைக்கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாநிலம் மாறிக்கொண்டே வரும். நிலம் வாங்குகிறவருக்கு இதில் என்ன? நிலம் இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கத்துப் பட்டா, இந்தப் பக்கத்துச் சார்பதிவாளர், இந்தப் பக்கத்து வழிகாட்டி மதிப்பு. கோடு நிலத்துக்கு நடுவே போனால் இரண்டு பத்திரம், இரண்டு பட்டா. நிலம் முழுக்க இந்தப் பக்கமே இருந்தாலும், வண்டிப்பாதை அந்தப் பக்கத்தில் இருக்கலாம். பாதைக்கு மண் கொட்டச் சொல்லி நம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனுப் போட்டால், அது எங்கள் பாதை இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆகவே நிலத்தின் வரைபடத்தோடு பாதையின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை காணி?

நம் பத்திரங்களில் பரப்பளவு ஹெக்டேர், ஆர், சென்தியார் என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அளவு. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஆனால் ஊரில் யாரும் ஆர் கணக்கில் பேசுவதில்லை. குழி, காணி என்றுதான் பேச்சு. நம் புதுச்சேரியில் ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, 132 சென்ட், பத்திரக் கணக்கில் சுமார் 53 ஆர் 50 சென்தியார்.

காரைக்காலில் இதே 'குழி' 144 சதுர அடிதான். அது தஞ்சாவூர்க் கணக்கு. அங்கே 100 குழி ஒரு மா, 33 சென்ட். அதே நூறு குழி, நம் ஊரில் நாலு மடங்கு. காரைக்காலில் பிறந்து இங்கே உத்தியோகம் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பேச்சில் வரும் குழியை நம்பி முன்பணம் கொடுக்காமல், பத்திரத்தில் உள்ள ஆர் கணக்கை எழுதிப் போட்டுப் பாருங்கள். இரண்டு காணி என்று சொன்னால் பத்திரத்தில் 1 ஹெக்டேர் 7 ஆர் இருக்க வேண்டும்.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரெஞ்சுக் காலத்து எண் கதாஸ்தர் எண். 1970ஆம் ஆண்டின் நிலவரித் திட்டச் சட்டத்துக்குப் பிறகு நடந்த மறு அளவையில் வந்தது ஆர்.எஸ். எண். பழைய கதாஸ்தர் எண் ஒன்று, இன்று நாலு ஆர்.எஸ். எண்களாகப் பிரிந்திருக்கலாம். மூலப்பத்திரத்தில் கதாஸ்தர் எண் மட்டும், புதுப் பத்திரத்தில் ஆர்.எஸ். எண் மட்டும் இருந்தால், இரண்டும் ஒரே நிலம்தான் என்று யார் சொன்னது? இரண்டையும் இணைக்கும் அரசாங்க ஆவணத்தைப் பார்க்காமல் நகரக் கூடாது. சர்வேயரை வைத்து அளந்து, நான்கெல்லையையும் ஒப்பிட வேண்டும். பக்கத்து நிலக்காரர் இருக்கும்போதே கல் நட வேண்டும்.

மூன்று பிரெஞ்சுச் சொற்கள்

பிரெஞ்சுச் சிவில் சட்டம் 1819 ஜனவரியில் இங்கே நடைமுறைக்கு வந்தது. நிலம் விற்பதென்றால் நொத்தேரிடம் போக வேண்டும். உள்ளூர் மக்களுக்கு தபெலியோன் என்ற பத்திர எழுத்தர்களும் இருந்தார்கள். எழுதிய பத்திரத்தை இப்போத்தேக் அலுவலகத்துப் பதிவேட்டில் பெயர்த்து எழுதுவார்கள். 1968ல் இந்தியச் சட்டங்கள் பல நமக்கு விரிவாக்கப்பட்டபோதுதான் இந்தியப் பதிவுச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும் வந்தன.

ஆகையால் இன்று நாம் வாங்கும் வில்லங்கச் சான்றிதழ் பாதிக் கதைதான் சொல்லும். முப்பது வருட வில்லங்கம் பார்த்தாயிற்று என்று திருப்தி அடைகிறவர்கள், அந்த முப்பது வருடத்துக்கு முன்னால் சொத்து எப்படி வந்தது என்று கேட்பதில்லை. மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், அதைத் தமிழில் சுருக்கமாக யாரோ எழுதிய காகிதத்தை நம்பாமல், தெரிந்தவரைக் கொண்டு முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக மூன்று சொற்களைத் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது 'உய்சுஃப்ருய்'. அனுபவ பாத்தியதை. அப்பா மகனுக்கு நிலத்தை எழுதி வைப்பார். ஆனால் தாமும் தம் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை விளைச்சல் தங்களுக்கே என்று ஒரு வரி சேர்த்திருப்பார். மகன் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அந்த அம்மா இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது 'ஐந்திவி'. பிரிக்கப்படாத சொத்து. அண்ணன் தம்பி மூவரின் பொது நிலத்தில் ஒருவர் தம் பங்கை விற்றால், வாங்குபவர் கிணற்றடி மூலையை வாங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு பாத்தியதையைத்தான் வாங்குகிறார். பாகப்பிரிவினை ஆகாதவரை அந்த மூலையில் வீடு கட்டுவது ஆபத்து.

மூன்றாவது 'ரெமெரே'. இதுதான் ஆளை ஏமாற்றும். மேலே பார்த்தால் கிரயப் பத்திரம். உள்ளே, குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனை இருக்கும். சட்டப்படி அதிகபட்சம் ஐந்து வருடம். அவசரத்துக்குக் கடன் வாங்குகிறவர்கள் இப்படி எழுதிக் கொடுப்பது அந்தக் காலத்தில் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் 1930களின் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். விற்பவரின் தாத்தா சுத்தக் கிரயமாக வாங்கியது என்று தரகர் சொல்லியிருந்தார். படித்தேன். ரெமெரே. சரி, கெடு தாண்டியிருந்தால் பாதகமில்லை. ஆனால் முதல் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. மூன்றாம் வருடமே பணம் செலுத்தி நிலம் மீட்கப்பட்டது என்று, தேதியோடு, மீட்புப் பத்திரத்தின் எண்ணோடு. அதாவது விற்பவரின் குடும்பத்துக்கு அந்த நிலம் சொந்தமாக இருந்தது மூன்றே வருடம். பத்திரம் மட்டும் அவர்கள் பெட்டியில் தங்கிவிட்டது. பெட்டியில் காகிதம் இருப்பதாலேயே நிலம் தங்களுடையது என்று அந்தக் குடும்பம் உண்மையாகவே நம்பியிருக்கலாம். வந்தவர் முன்பணம் கொடுக்கவில்லை, தப்பித்தார். ஓரக் குறிப்பைப் படிக்காமல் பத்திரத்தை மூடாதீர்கள்.

யார் வாரிசு?

இதில் நம் ஊர் போல எந்த ஊரும் இல்லை. ஒரே தெருவில், ஒரே ஜாதியில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வேறு வேறு வாரிசுச் சட்டம்.

பிரெஞ்சு ஆட்சியில் இந்துக்களுக்கு அவரவர் வழக்கப்படிதான் தீர்ப்பு. புதுச்சேரி வழக்கத்தில் பிதிரார்ஜிதச் சொத்தில்கூட அப்பா முழு அதிகாரி. பிறந்ததனாலேயே மகனுக்கு அதில் பங்கு என்ற சென்னைப் பக்கத்துச் சட்டம் இங்கே கிடையாது. 1963 அக்டோபர் 1 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கேயும் வந்தது. ஆகவே விற்பவரின் அப்பாவோ தாத்தாவோ எந்த வருடம் காலமானார் என்பது வெறும் குடும்பச் செய்தி அல்ல. பங்கு யாருக்குப் போனது என்பதையே அந்தத் தேதி மாற்றிவிடும்.

இன்னொரு வகை ரெனோன்சான்கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு, குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அவர்களின் பிள்ளைகள்தான் இந்தோசீனாவுக்குப் போய், பென்ஷனோடு திரும்பி, ஊரில் நிலம் வாங்கிப் போட்டார்கள். அவர்களுக்கு இன்றும் அந்தச் சட்டம்தான். மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. உயில் எழுதலாம், ஆனால் இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நாலில் ஒரு பங்கு. அவ்வளவைத்தான் விருப்பப்பட்டவருக்கு எழுதி வைக்கலாம். மிச்சம் பிள்ளைகளுக்குப் போயே தீரும். முழு நிலத்தையும் கடைசி மகனுக்கு எழுதிய உயிலைக் காட்டி ஒருவர் விற்க வந்தால், பாரீஸிலோ மர்சேயிலோ இருக்கும் அக்காமார்களைப் பற்றிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? 'லிவ்ரே தெ ஃபமீய்' என்ற குடும்பப் புத்தகம் அவர்கள் வீட்டில் இருக்கும். பெற்றோர், பிறந்த பிள்ளைகள், இறப்புகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்தால் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரான்சிலிருந்து வந்த பவர் பத்திரம் என்றால், கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். கொடுத்தவர் காலமானால் சாதாரணப் பவரும் அவரோடு முடிந்துவிடும்.

பிரான்ஸ் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நம் பிள்ளைகள் பலர் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார்கள். "பணம் நான் அனுப்புகிறேன், என் பேரில் வாங்குங்கள்" என்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியரும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிசாக வரலாம், கிரயமாக வாங்க முடியாது. அப்பா பேரில் வாங்கிவிடலாம் என்றால், அப்பாவுக்குப் பின் எல்லாப் பிள்ளைகளும் வாரிசு என்பதைப் பணம் அனுப்புகிற பிள்ளை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. குடும்பச் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

நிலத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒரு காலத்தில் நிலம் சர்க்காருடையது, குடியானவர் அனுபவிப்பவர் என்பதே இங்கே சட்டம். 1854ஆம் ஆண்டின் ஆணைதான் தீர்வை கட்டும் அதமான நிலக்காரர்களை முழு உரிமையாளர்கள் ஆக்கியது. அதன் பிறகு நிலம் தாராளமாகக் கை மாறியது. டவுனில் இருப்பவர் சொந்தக்காரர், கிராமத்தில் இருப்பவர் குத்தகைக்காரர் என்பதும் வளர்ந்தது. இணைப்புக்குப் பிறகு அதற்கும் சட்டங்கள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1973ல் நில உச்சவரம்புச் சட்டம், குடியிருப்பு மனையில் வசிப்பவருக்கே அதைச் சொந்தமாக்கும் சட்டம்.

ஆகவே நிலத்தின் மூலையில் ஒரு குடிசை இருந்தால், "அது காவல்காரன் குடிசை, சொன்னால் போய்விடுவான்" என்று தரகர் சொல்வதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பவரிடம் நேரில் பேசுங்கள். எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள், யாருக்கு நெல் அளந்தார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்களுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கலாம். உரிமை இல்லாவிட்டாலும், ஒருவரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் திண்ணை போட்டு உட்கார்ந்தால் சாய்வு நாற்காலியில் தூக்கம் வராது. அதுபோல, பட்டாவில் கோயில் பெயர், பொறம்போக்கு, ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலம் என்று ஏதாவது குறிப்பு இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுவது உத்தமம்.

தண்ணீர் கேட்கும் கேள்வி

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஊசுட்டேரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ள ஊர் விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. மதகு, வாய்க்கால், தூர் வாருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டினார்கள். குழாயை இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்ததைப் பார்த்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அந்தப் பொங்கலைப் பார்த்த பின் ஏரியை யார் கவனிப்பார்கள்? மோட்டார் வந்ததும் ஆழம் கூடிக்கொண்டே போனது. கடலோரத்தில் உப்பு ஏறியது. இன்று 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி இல்லாமல் போர் போட முடியாது. ஏற்கனவே போர் இருக்கிறது என்றால் அதன் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள்.

தண்ணீர் இல்லாதது ஒரு கவலை என்றால், வருவது இன்னொன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததும், பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் நமக்கு மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தோப்பு தோப்பாக மரம் சாய்ந்ததையும் பார்த்தோம். கோடையில் காட்டப்படும் நிலம் எல்லாமே மேட்டு நிலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள்.

விவசாய நிலத்தில் வீடு கட்ட நகர ஊரமைப்பு அனுமதி வேண்டும் என்பதையும், நம் வயதில் ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காணி வாங்குவது அறுபதில் முடியும். எண்பதில் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்று வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசிவிட வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகு, அந்தக் கிராமத்தில் இருப்பவர்களிலேயே வயதான ஒருவரைக் கண்டுபிடித்து, இந்தத் துண்டுக்கு ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். நம் வயல்களுக்குப் பெயர் உண்டு. 'ஓடைத் துண்டு' என்றால் மழைக்காலத்தில் ஓடை எங்கே போகும் என்று தெரிந்துவிடும். 'கோயில் மானியம்' என்றால் பத்திரத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். 'பங்காளிக் காணி' என்றால் இன்னும் எத்தனை பங்காளிகள் கையெழுத்துப் போடவில்லை என்று விசாரிக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் நகல் கிடைக்காத ஆவணம் அது. கட்டணமும் இல்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டால் போதும்.